அலுவலக டேலியை கிளவுடோடு இணைப்பது எப்படி? முதல்முறை செய்பவருக்கு ஒரு வழிகாட்டி

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ கிண்டியிலோ நடுத்தர நிறுவனம் ஒன்றுக்குள் நுழைந்தால் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். கணக்குப் பிரிவில் டேலி ஓடும். ஸ்டோர்ஸிலும் டிஸ்பாட்சிலும் பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிக்கொடுத்த மென்பொருள் ஓடும். அதற்கு அடியில் தரவைச் சேமித்து வைக்கும் எஸ்.கியூ.எல். சர்வர். இரண்டும் யு.பி.எஸ். பக்கத்தில், ஒரே மூலையில், இரவு பகலாக இரைந்துகொண்டிருக்கும். முதலாளி கோயம்புத்தூரில் ஒரு பார்ட்டியோடு உட்கார்ந்துகொண்டு "இவங்க பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால், யாராவது எக்செல் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அந்த எக்செல் வேலையை நிறுத்தத்தான், தரவை இணையத்தில் உள்ள கிளவுட் சேமிப்புக்குக் கொண்டுபோகும் இந்த இணைப்பு.

தரவு வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், நிறுவனத்தின் ஐ.டி. பொறுப்பைத் தனியாகச் சுமப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உள்ளே டேலி பிரைமும் எஸ்.கியூ.எல். சர்வரும், வெளியே கூகுளின் கிளவுட் தரவுக் கிடங்கான பிக்குவெரியும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். நீங்கள் ஸ்னோஃப்ளேக்கோ அஷ்யூரோ பயன்படுத்தினால் பொத்தான்களின் பெயர்கள் மாறும், வேலையின் வரிசை மாறாது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். தரவை மேலே, அதாவது கிளவுடுக்கு, ஏற்றுவது இரண்டு மூன்று நாள் வேலை. மேலே தெரியும் எண்ணும் கணக்குப் பார்ப்பவர் நம்பும் எண்ணும் ஒன்றாக வருவதற்குத்தான் வாரக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். கீழே சொல்வதில் பாதி அதைப் பற்றியதுதான்.

கணினியைத் தொடுவதற்கு முன்

முதலாளியிடம் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியை வாங்கி வாருங்கள். "எல்லா டேட்டாவும் வேணும்" என்றால் அதில் கேள்வி எதுவும் இல்லை. "60 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர் யார் யார்?" என்று கேட்டால் அது கேள்வி. எந்த அட்டவணை வேண்டும், எது வேண்டாம் என்பது அதிலிருந்தே தெளிந்துவிடும்.

அடுத்து கணக்குப் பார்ப்பவரிடம் போங்கள். இந்த வேலைக்கு அவர்தான் மிக முக்கியமான ஆள். எந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிறார்? எத்தனை வவுச்சர் (டேலிப் பதிவு) வகை வைத்திருக்கிறார்கள்? மாதக் கணக்கை எந்தத் தேதியில் மூடுவார்கள்? மூடிய மாதத்துக்குள் மறுபடி போய்த் திருத்துவது உண்டா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "உண்டு" என்றுதான் பதில் வரும். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் உதிரிபாகம் செய்யும் ஓர் அம்பத்தூர் நிறுவனத்துக்கு இணைப்புப் போட்டேன். மேலே ஏறிய விற்பனைத் தொகை டேலி காட்டியதைவிட 4 லட்சத்துச் சொச்சம் கூடுதலாக வந்தது. மூன்று நாள் என் நிரலையே புரட்டிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் கணக்குப் பிரிவு அக்காவிடம் கூடுதலாக வந்த பில்களின் பட்டியலை நீட்டினேன். மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "இதெல்லாம் ஆப்ஷனல்ல போட்டது தம்பி. பார்ட்டி ரேட் ஒத்துக்கிட்டாத்தான் ரெகுலர் ஆக்குவோம். அதுவரைக்கும் கணக்குல ஏறாது" என்றார். அவ்வளவுதான்.

டேலியில் ஆப்ஷனல் வவுச்சர் பேரேட்டைத் தொடாது. ஆனால் வவுச்சர்களை மொத்தமாகக் கேட்டால் அதுவும் சேர்ந்தே வரும். ரத்தான பில்லும் தொகை இல்லாமல் எண்ணிக்கையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மெமோரண்டம், சேல்ஸ் ஆர்டர், டெலிவரி நோட் எதுவும் விற்பனைக் கணக்கு ஆகாது. எந்த வகையைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற பட்டியலை அவர் கையால் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே மேற்கொண்டு போங்கள்.

வெளியிலிருந்து உள்ளே வர வழி விடாதீர்கள்

கிளவுட் வந்து உங்கள் அலுவலக சர்வரைத் தட்டிக் கேட்க வேண்டும் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். இணைய சேவை நிறுவனத்திடம் ஸ்டாடிக் ஐ.பி. என்ற மாறாத இணைய முகவரியை வாங்கி, ரூட்டரில் 1433 அல்லது 9000 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டால் முடிந்தது என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1433 எஸ்.கியூ.எல். சர்வரின் வாசல். 9000 டேலியின் வாசல். டேலிக்குள் கம்பெனிக் கணக்கு திறந்திருக்கும் நேரத்தில் அந்த வாசலில் வந்து கேட்பவரிடம் டேலி தனியாகக் கடவுச்சொல் கேட்பதில்லை. 3389 ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல். இணையத்தில் திறந்து கிடக்கும் இப்படிப்பட்ட எண்களைத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. மொத்தக் கோப்புகளையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே வருவதற்கு 3389 பழக்கப்பட்ட பாதை.

முறையான வழி இதற்கு நேர் எதிர். அலுவலகத்துக்குள் ஒரு சிறு நிரல் இருக்கும். அது டேலியிடமும் சர்வரிடமும் உள்ளேயே கேட்டு, கோப்பாக எழுதி, 443 வழியாக வெளியே கொண்டுபோய்க் கொடுக்கும். உங்கள் பிரவுசர் எந்த வழியில் இணையத்துக்குப் போகிறதோ அதே வழிதான். ரூட்டரில் எதையும் திறக்கத் தேவையில்லை. அஷ்யூர் டேட்டா ஃபேக்டரியின் செல்ஃப் ஹோஸ்டட் இன்டெக்ரேஷன் ரன்டைம், பவர் பி.ஐ.யின் ஆன் பிரமிசஸ் கேட்வே இரண்டும் இதே தத்துவத்தில் இயங்குபவை. சிறிய நிறுவனத்துக்குப் பைத்தானில் எழுதிய 300 வரி நிரலும், குறித்த நேரத்தில் அதை ஓட்டும் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரும் போதும் என்பது என் அனுபவம். முதல் முறை செய்யும்போது அப்படியே தொடங்குங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்கு வரிக்கு வரி தெரியும்.

டேலியிடம் கேட்பது

டேலி பிரைமில் எஃப்1 உதவிப் பட்டியலுக்குள் செட்டிங்ஸ், அதற்குள் கனெக்டிவிட்டி, அதற்குள் கிளையன்ட் சர்வர் அமைப்பு இருக்கும். டேலி எப்படி இயங்க வேண்டும் என்ற இடத்தில் "போத்" (இரண்டும்) என்று வையுங்கள். போர்ட் 9000 என்று இருக்கட்டும். டேலியை மூடித் திறங்கள். அதே கணினியின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 9000 என்று அடித்தால் டேலி பிரைம் சர்வர் ஓடுகிறது என்ற ஒற்றை வரி வரும். வந்துவிட்டால் டேலி உங்களோடு பேசத் தயார்.

இனி அதனிடம் எக்ஸ்.எம்.எல். என்ற குறிச்சொல் வடிவில் ஒரு கடிதம் போல எழுதி அனுப்ப வேண்டும், பதிலும் எக்ஸ்.எம்.எல்.லாகவே வரும். இதில் நான்கு இடங்களில் கவனம் தேவை.

கடிதத்தில் கம்பெனியின் பெயரை எழுத மறக்காதீர்கள். எழுதாவிட்டால் அந்த நேரத்தில் எந்தக் கம்பெனி முன்னால் திறந்திருக்கிறதோ அதன் கணக்கை டேலி கொடுத்துவிடும். ஒரே முதலாளிக்கு மூன்று ஃபர்ம் இருக்கும் இடத்தில் இது பெரிய குழப்பத்தில் கொண்டுபோய் விடும்.

மொத்த வருடத்தையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். நீங்கள் கேட்டது வந்து முடியும்வரை பில் போடுபவரின் திரை உறைந்து நிற்கும். பகலில் ஒரு லாரி வாசலில் நிற்க, பில் வராமல் டிஸ்பாட்ச் காத்திருந்தால் உங்கள் திட்டத்துக்கு அன்றோடு ஆதரவு போய்விடும். ஒவ்வொரு நாளாகக் கேளுங்கள், அதுவும் இரவு 9 மணிக்கு மேல்.

வரும் எக்ஸ்.எம்.எல்.லில் சில இடங்களில் எண் 4 என்ற கட்டுப்பாட்டுக் குறி ஒட்டிக்கொண்டு வரும். எக்ஸ்.எம்.எல். இலக்கணம் அந்தக் குறியை ஏற்பதில்லை என்பதால் பைத்தான் பாதியிலேயே பிழை சொல்லி நின்றுவிடும். படிப்பதற்கு முன்னால் அந்தக் குறியைத் தேடி நீக்கிவிடுங்கள்.

நான்காவது, கூட்டல் கழித்தல் குறி. டேலி தரும் எக்ஸ்.எம்.எல்.லில் பற்று கழித்தலாகவும் வரவு கூட்டலாகவும் வரும். பழகாதவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். ஆனால் இதிலேயே ஒரு நல்ல சோதனையும் இருக்கிறது: ஒரு வவுச்சரின் எல்லாப் பேரேட்டு வரிகளையும் கூட்டினால் சுழியம் வர வேண்டும். வராத வவுச்சர் ஒன்று இருந்தாலும் நீங்கள் எதையோ விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

டேலி ஒரு டெஸ்க்டாப் மென்பொருள் என்பதையும் மறக்கக் கூடாது. யாரோ லாக் ஆஃப் செய்துவிட்டுப் போனாலும், கம்பெனியை மூடிவிட்டுப் போனாலும் இரவு உங்களுக்குப் பதில் வராது. டேலி எப்போதும் திறந்தே இருக்கும் கணினி ஒன்றை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

மாறியதை மட்டும் எடுப்பது

முதல் நாள் எல்லாவற்றையும் எடுப்பீர்கள். அடுத்த நாளிலிருந்து? "நேற்றைய தேதி பில்களை மட்டும் எடுப்போம்" என்று தோன்றும். அது தவறிப்போகும். அக்டோபர் 20-ஆம் தேதி உட்கார்ந்து செப்டம்பர் 14-ஆம் தேதி பில்லைத் திருத்துவது கணக்குப் பிரிவில் அன்றாடம் நடப்பது. தேதியை வைத்து எடுத்தால் அந்தத் திருத்தம் உங்களுக்கு வரவே வராது.

டேலியின் ஒவ்வொரு வவுச்சருக்கும் ஆல்டர் ஐடி என்று ஓர் எண் உண்டு. புதிதாகப் போட்டாலும் பழையதைத் திருத்தினாலும் அந்த எண் ஏறிக்கொண்டே போகும். நேற்று நீங்கள் கண்ட பெரிய எண்ணை நினைவில் வைத்து, அதற்கு மேல் உள்ளதை மட்டும் கேளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி தனித்தனியாக நினைவில் வையுங்கள். பழைய பேக்கப்பிலிருந்து கம்பெனியை மீட்டிருந்தால் இந்த எண் பின்னோக்கிப் போயிருக்கும். அப்படிக் கண்டால் முழுவதையும் மறுபடி எடுத்துவிட வேண்டும்.

பில் எண்ணை அடையாளமாக வைக்காதீர்கள். ஏப்ரல் 1 வந்தால் அது மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வவுச்சரோடு வரும் தனி அடையாளக் குறியான ஜி.யு.ஐ.டி.யை வையுங்கள்.

இதிலும் ஒரு ஓட்டை மிச்சம் உண்டு. அழித்துவிட்ட வவுச்சர் மறுபடி வந்து "நான் போய்விட்டேன்" என்று சொல்லாது. அதனால் வாரம் ஒருமுறை நடப்பு நிதியாண்டின் ஜி.யு.ஐ.டி. பட்டியலை மட்டும் முழுதாக வாங்கி, மேலே இருப்பதோடு ஒப்பிடுங்கள். கீழே டேலியில் இல்லாதது மேலே இருந்தால் அதை "அழிக்கப்பட்டது" என்று குறியுங்கள். மேலேயும் அழித்துவிட வேண்டாம், ஆடிட்டர் ஒருநாள் கேட்பார்.

எஸ்.கியூ.எல். சர்வர் பக்கம்

இங்கே வேலை சற்று எளிது. எஸ்.ஏ. என்ற தலைமைக் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். படிக்க மட்டும் அனுமதி உள்ள தனி லாகின் உருவாக்கச் சொல்லுங்கள். சின்ன நிறுவனங்களில் பெரும்பாலும் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்புதான் இருக்கும். 2022 பதிப்பு வரை அதில் ஒரு தரவுத்தளம் 10 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் ஏஜென்ட்டும் கிடையாது, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் சேஞ்ச் டேட்டா கேப்ச்சரும் கிடையாது. ஆனால் சேஞ்ச் டிராக்கிங் எக்ஸ்பிரஸிலும் வேலை செய்யும். எந்த வரி மாறியது, எது அழிந்தது என்று அது சொல்லிவிடும். அட்டவணைக்குப் பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம்) இருக்க வேண்டும், மென்பொருளை எழுதியவரின் சம்மதமும் வேண்டும்.

அதில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றியே ஆக வேண்டும். மாற்றங்களை அது இயல்பாக 2 நாள்தான் நினைவில் வைத்திருக்கும். பொங்கலுக்கு நான்கு நாள் அலுவலகம் பூட்டி, கணினியை அணைத்துவிட்டுப் போய், திரும்பி வந்தால் நடுவில் இருந்த மாற்றங்களின் குறிப்பு போயிருக்கலாம். 14 நாள் என்று வையுங்கள்.

வேகமாக வர வேண்டும் என்று எல்லாக் கேள்வியிலும் நோலாக் (பூட்டுக்குக் காத்திராமல் படி என்ற குறிப்பு) போடும் பழக்கம் நம் ஊரில் நிறைய. இன்னும் முடியாத பதிவையும் அது எடுத்துக்கொடுக்கும், சில நேரம் ஒரே வரியை இருமுறை கொடுக்கும். பணக் கணக்கில் அது கூடவே கூடாது.

மேலே கட்டுவது

கூகுள் கிளவுடில் ஒரு புராஜெக்ட், அதில் கோப்புகளை வைக்க ஒரு ஸ்டோரேஜ் பக்கெட், பிக்குவெரியில் அட்டவணைகளை வைக்க ஒரு டேட்டாசெட். பக்கெட், டேட்டாசெட் இரண்டையும் மும்பை வட்டாரத்திலேயே உருவாக்குங்கள். 2017 முதல் அது இயங்குகிறது. இடத்தைச் சொல்லாமல் விட்டால் பிக்குவெரி அமெரிக்காவில் உருவாக்கிவிடும், பிறகு இடம் மாற்றுவது பெரும்பாடு. அமேசானுக்கு மும்பையும் ஹைதராபாத்தும் உண்டு. அஷ்யூருக்குச் சென்னையிலேயே ஒரு வட்டாரம் இருக்கிறது.

பிக்குவெரியில் மாதம் 10 ஜி.பி. சேமிப்பும் 1 டி.பி. அளவு கேள்வியும் இலவசம். நடுத்தர நிறுவனத்தின் கணக்கு அதற்குள் தாராளமாக அடங்கும். கார்டு கொடுக்காமல் சாண்ட்பாக்ஸில் தொடங்கினால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அதில் உள்ள அட்டவணைகள் 60 நாளில் காலாவதியாகும். பழகிப் பார்க்க நல்ல இடம், உண்மையான வேலைக்கு ஆகாது. நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பத்தியின் (அட்டவணையின் நெடுவரிசை) அளவுக்குத்தான் கட்டணம் என்பதால், வேண்டிய பத்திகளின் பெயரைச் சொல்லிக் கேட்கப் பழகுங்கள். பத்து வரி போதும் என்று லிமிட் போட்டாலும் கட்டணம் குறையாது.

அலுவலக நிரல் கிளவுடுக்குள் நுழைய ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் (நிரலுக்கான தனிக் கணக்கு) வேண்டும். அதற்கு பக்கெட்டில் புதுக் கோப்பு உருவாக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். அந்தக் கணக்கின் சாவிக் கோப்பு திருடு போனாலும் எடுத்தவரால் எதையும் படிக்க முடியாது, அழிக்க முடியாது. சாவிக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோ டெஸ்க்டாப்பில் வைப்பதோ வேண்டாம்.

வந்த கோப்பை வந்தபடியே ஓர் அட்டவணையில் ஏற்றுங்கள், எதையும் திருத்தாமல். அதற்கு மேல் இன்னொரு அட்டவணையில் சுத்தம் செய்து, ஜி.யு.ஐ.டி.யை வைத்து மெர்ஜ் செய்யுங்கள்: ஏற்கெனவே இருக்கும் வரி புதுப்பிக்கப்படும், இல்லாதது சேரும். ஒரே கோப்பு தவறுதலாக இருமுறை ஏறினாலும் விற்பனை இரட்டிக்காது. தொகைக்கு நியூமெரிக் வகை. தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வகையைப் போட்டால் பைசா உதிரும். சம்பளப் பேரேட்டை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். கேள்விக்குத் தேவைப்படாத கைபேசி எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் கீழேயே இருக்கட்டும். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது.

கோயம்பேட்டு நேரம்

நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதில் தடுமாறாத புதியவரை நான் பார்த்ததில்லை.

கோயம்பேட்டில் ஒரு மொத்தக் காய்கறிக் கடையை எண்ணிப் பாருங்கள். அங்கே வியாபாரம் சூடு பிடிப்பதே நள்ளிரவுக்குப் பிறகுதான். லாரி இறங்கி, 2.40-க்கு ஒரு பில், 3.15-க்கு ஒரு பில் என்று போகும். கிளவுட் நேரத்தை யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கிறது, நாம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறோம். நமக்கு விடிகாலை 5.30 ஆகும்வரை கிளவுடுக்கு இன்னும் முந்தைய நாள்தான். காலை 5 மணிக்கு "இன்றைய விற்பனை" என்று கேட்டால் அது நேற்றைய தேதியைத் தேடும். கண் முன்னால் நூறு பில் போயிருக்க, திரையில் ஒன்றும் இருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உள்ளூர் மென்பொருளின் தேதி-நேரப் பத்தியில் எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பு கிடையாது. அதை அப்படியே டைம்ஸ்டாம்ப் வகையில் ஏற்றினால் கிளவுட் அதை யு.டி.சி. என்று எடுத்துக்கொள்ளும். பிறகு யாரோ இந்திய நேரத்துக்கு மாற்றும்போது இன்னொரு ஐந்தரை மணி நேரம் கூடும். இரவு 8 மணி பில் மறுநாள் 1.30 ஆகிவிடும். மாதக் கடைசியில் போட்ட பில் அடுத்த மாதத்துக்குத் தாவிவிடும். ஜி.எஸ்.டி. எண்ணோடு ஒத்துப்போகாமல் எங்கெங்கோ தேடுவீர்கள்.

டேலியின் தேதியை டேட் வகையில், சர்வரின் நேரத்தை, நேர மண்டலம் ஒட்டாத டேட்டைம் வகையில் வையுங்கள். "இன்று" என்று கேட்கும் இடத்திலெல்லாம் ஏஷியா, கொல்கத்தா என்ற நேர மண்டலத்தைச் சேர்த்துக் கேளுங்கள்.

பெயர்கள்

ஸ்ரீ என்று தொடங்கும் ஒரு பார்ட்டியின் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள். மூன்றும் டேலியில் மூன்று பேரேடாக இருக்கும். பெயரை வைத்து இணைக்காமல் ஜி.எஸ்.டி. எண்ணை வைத்து இணையுங்கள். அது 15 இடம் கொண்டது. முதல் இரண்டு மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். ஒரே பார்ட்டிக்குப் புதுச்சேரியில் கிளை இருந்தால் அங்கே 34 என்று தொடங்கும்; நடுவில் உள்ள பான் ஒன்றாகவே இருக்கும். யாரிடம் மொத்தம் எவ்வளவு பாக்கி என்று பார்க்கும்போது இந்தப் பான் கைகொடுக்கும்.

தமிழில் பெயர் வைத்திருக்கும் பழைய மென்பொருள்களில் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டியிருப்பார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் தமிழாகத் தெரியும். மேலே போனால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். அனுப்பும் முன் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். எஸ்.கியூ.எல். சர்வரில் பத்தி வர்சார் என்ற பழைய எழுத்து வகையாக இருந்து, இடையில் வரிசையாகக் கேள்விக்குறிகள் நின்றால் அந்தப் பெயர் சேமிக்கும்போதே போய்விட்டது. மீட்க முடியாது, காகிதத்தைப் பார்த்து மறுபடி தட்ட வேண்டியதுதான்.

யூனிகோடிலேயே ஒரு நுட்பம் உண்டு. "கொ" என்பதில் வரும் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. "கொளத்தூர்" இரண்டு ஊராகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஏற்றும்போது எல்லாப் பெயரையும், ஒற்றைக் குறியாகச் சேர்த்து வைக்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஒத்துப் பார்ப்பது

மூடிய ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வவுச்சர் வகைவாரியாக எண்ணிக்கை, விற்பனைத் தொகை, வரித் தொகை, கிரெடிட் நோட் தொகை. டேலியில் உள்ளதை ஒரு பத்தியில், மேலே உள்ளதை அடுத்த பத்தியில் எழுதி, கணக்குப் பார்ப்பவரோடு உட்கார்ந்து பாருங்கள். பைசா வரை ஒத்துவர வேண்டும். "ரவுண்டிங்தான், விடுங்க" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். 40 பைசா வித்தியாசத்துக்குப் பின்னால் 10,000 கூடுதலும் 10,000 குறைவும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கலாம்.

ஒரு மாதம் ஒத்துவந்ததும் அதற்கு முந்தைய மாதம், பிறகு அந்த வருடம். எண்கள் ஒத்துவராமல் முதலாளியின் கைபேசிக்கு டேஷ்போர்டு போகக் கூடாது. முதல் தடவை தப்பாகக் காட்டிவிட்டால், பிறகு சரியாகக் காட்டினாலும் "எதுக்கும் அந்த எக்செலை அனுப்பிடும்மா" என்ற குரல் நிற்காது.

ஒத்துவந்த பிறகும் தினமும் காலையில் இந்தச் சரிபார்ப்பு தானாக ஓட வேண்டும். ஓடியதா இல்லையா என்ற எச்சரிக்கையைக் கிளவுட் பக்கத்திலிருந்து அனுப்பச் செய்யுங்கள். அலுவலகக் கணினியே அணைந்து கிடந்தால் அதனால் எப்படி மெயில் அனுப்ப முடியும்?

கரண்ட், மழை, ஆயுத பூஜை

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புத் தடை வரும், யு.பி.எஸ். தாங்காது. டாஸ்க் ஷெட்யூலரில் "தவறிய வேலையை முடிந்த உடனே ஓட்டு" என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். ஆயுத பூஜைக்கு எல்லாக் கணினியையும் அணைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மறுநாள் டேலியைத் திறந்து கம்பெனியையும் திறந்து வைக்க ஒருவர் வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் சர்வர் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு தவறான நம்பிக்கையை நீக்க வேண்டும். பிக்குவெரியில் இருக்கும் அட்டவணைகள் டேலியின் பேக்கப் ஆகாது. அதிலிருந்து கம்பெனியை அப்படியே மீட்டெடுக்க முடியாது. டேலியின் பேக்கப்பும் சர்வரின் பேக்கப்பும் தனியாக, வேறு இடத்துக்குப் போக வேண்டும். கணக்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் கம்பெனிகள் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் தினமும் காப்புப்பிரதி எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியே திருத்தப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஒரு தாள். தமிழிலேயே எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்தக் கணினியின் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். நிரல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எத்தனை மணிக்கு ஓடுகிறது, டேலியில் எந்தெந்தக் கம்பெனி திறந்திருக்க வேண்டும், எந்த வவுச்சர் வகைகளை விட்டிருக்கிறோம், நேற்று ஓடவில்லை என்றால் கையால் ஓட்டுவது எப்படி என்று எழுதுங்கள். இந்தக் கணினியை அணைப்பதற்கு முன் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும், அவருடைய பெயரையும் எண்ணையும், எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் எழுதுங்கள்.